செம்பவாங் டாக்கும் ஒரு கப்பலும்

போன ஞாயித்துக்கெழம மகனோட இங்க சிங்கப்பூர்ல செம்பவாங் பார்க் போயிருந்தேன். அவன் செக் த்ரீ (உயர்நிலை மூணு), ஹிஸ்டரி எடுக்கிறான், படிச்சத வழியெல்லாம் ஒப்பிச்சுட்டே வந்தான், ஐரோப்பாக்காரங்க ரெண்டு தடவ அடிச்சுக்கிட்டாங்களாம், ரெண்டு தடவையும் அமெரிக்கா வந்துதான் முடிச்சு வச்சுச்சாம். தப்புன்னு சொல்ல முடியாது. ஆனா எங்க தாத்தா வேல பாத்த பிரிட்டிஷ் நேவல் பேஸ் பக்கத்துல நின்னுகிட்டு அத கேக்கும்போது மனசு ஒப்பல.

தாத்தா அங்க டாக்ல, அதான் கப்பல் ரிப்பேர் பண்ற எடத்துல, கப்பலுக்கு அடியில நின்னு பழைய பெயிண்ட் சொரண்டுற வேல பாத்தவரு. 1938 பிப்ரவரில கிங் ஜார்ஜ் டாக் தொறந்தப்ப 3 அமெரிக்க க்ரூசர் போர்க்கப்பல் விருந்தாளியா வந்து நின்னுச்சு. அமெரிக்கா அன்னைக்கு விருந்தாளி மட்டுந்தான். மொத ஒலகப்போர்ல 1917ல எறங்கி 1 லட்சத்து 16 ஆயிரம் பேர பறிகொடுத்ததுல அந்த ஊர் சனத்துக்கு ஐரோப்பா சண்டன்னாலே வெறுத்துப் போச்சு, அவங்க ஜனாதிபதி வில்சன் கொண்டுவந்த வெர்சாய் சமாதான ஒப்பந்தத்தையே அவங்க செனட் தூக்கி போட்டுருச்சு, 1935லேந்து அடுத்தவன் சண்டையில தலையிடக்கூடாதுன்னு வரிசையா நடுநிலைச் சட்டம் வேற. அப்ப ஜனாதிபதியா இருந்த ரூஸ்வெல்ட்டுக்கு இங்கிலாந்துக்கு உதவணும்னு ஆச இருந்தும் கைய கட்டிப் போட்ட மாதிரி. 1941 மார்ச்சுல லெண்ட் லீஸ்னு ஒரு சட்டம் வந்துச்சு, அதாவது ஆயுதம் குடுக்கலாம், ஆள் அனுப்பக்கூடாது.

இப்ப கப்பலுக்கு வர்றேன். 1941 ஆகஸ்ட்ல பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சில், பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்னு ஒரு புது போர்க்கப்பல்ல அட்லாண்டிக் தாண்டி நியூஃபவுண்ட்லாந்து போயி ரூஸ்வெல்ட்ட பாத்தாரு. ஆகஸ்ட் 10 ஞாயித்துக்கெழம, அந்த கப்பல் மேல்தட்டுல ரெண்டு நாட்டு மாலுமிங்களும் கலந்து நின்னு ஒண்ணா பாட்டு பாடி பிரார்த்தன பண்ணாங்க. போலியோவுல கால் விழுந்துபோன ரூஸ்வெல்ட் மகன் கைய புடிச்சுகிட்டு ஒவ்வொரு அடியா நடந்து வந்தாரு. அங்க ரெண்டு பேரும் சேந்து வெளியிட்ட அறிக்கைதான் அட்லாண்டிக் சாசனம். அதுல மூணாவது பாயின்ட், எந்த மக்களும் தங்களுக்கு எப்படிப்பட்ட ஆட்சி வேணும்னு தாங்களே முடிவு பண்ணிக்கலாம். (இவங்க அங்க பேசிட்டிருந்த அதே 12ம் தேதி வாஷிங்டன்ல, பட்டாளத்துல எடுத்த பசங்கள இன்னும் கொஞ்ச நாள் வச்சுக்கலாமான்னு ஓட்டு போட்டதுல 203க்கு 202, ஒரே ஓட்டுல தப்பிச்சுச்சு. அவ்ளோ எதிர்ப்பு.)

ஆனா அடுத்த மாசமே, செப்டம்பர் 9, சர்ச்சில் பார்லிமெண்ட்ல நின்னு இது நாஜி பிடியில இருக்கிற ஐரோப்பாவ மனசுல வச்சு சொன்னது, இந்தியா பர்மா கதை வேறன்னு சொல்லிட்டாரு. இத வாசிக்கிற ஒவ்வொரு தடவையும் எனக்கு வயிறு எரியும். இந்தியாலேந்து லட்சக்கணக்குல பசங்க அவருக்காக சண்ட போட்டுகிட்டிருந்த நேரம் அது.

அந்த கப்பல் டிசம்பர் 2ம் தேதி செம்பவாங் வந்து சேந்துச்சு. தாத்தா பாத்திருக்காரு. "மலை நகந்து வந்த மாதிரி இருந்துச்சுய்யா, இனிமே ஜப்பான்காரன் கிட்டக்க வரமாட்டான்னு நெனச்சோம்"னு சொல்லுவாரு. 8ம் தேதி விடியக்காலையில சிங்கப்பூர்ல குண்டு விழுந்துச்சு, அதே நாள்தான் அமெரிக்க கடற்படைத் தளம் பேர்ல் ஹார்பர்லயும் ஜப்பான்காரன் அடிச்சான், அமெரிக்காவுக்கு அது 7ம் தேதி. 10ம் தேதி மலாயா குவாந்தான் பக்கம் ஜப்பான் விமானங்க பிரின்ஸ் ஆஃப் வேல்ஸையும் கூட வந்த ரிபல்ஸ் கப்பலையும் முக்கிருச்சு, சுமார் 840 பேர் போயிட்டாங்க. அந்த பிரார்த்தன நடந்து சரியா நாலு மாசம். கப்பலே கவுந்தாலும் கன்னத்துல கை வைக்காதேன்னு நம்ம பக்கம் சொல்லுவாங்கல்ல, அன்னைக்கு டாக்ல எல்லாரும் கன்னத்துல கை வச்சுகிட்டுதான் உக்காந்திருந்தாங்களாம். மறுநாள் 11ம் தேதி ஹிட்லர் தானா வந்து அமெரிக்கா மேல போர் அறிவிச்சான், ரூஸ்வெல்ட்டுக்கு ஐரோப்பா கதவு தொறந்தது அப்பதான். ஜெர்மனிய மொதல்ல அடிக்கணும், ஜப்பான் அப்புறம்ங்கறது ரெண்டு நாட்டு தளபதிங்களும் முன்னாடியே பேசி வச்சது. 1942 பிப்ரவரி 15 நம்ம ஊர் விழுந்துச்சு. எட்டு நாள் கழிச்சு ரூஸ்வெல்ட் ரேடியோவுல, சாசனம் ஒலகம் முழுசுக்கும்தான்னு சொன்னாரு. அந்த மனுஷன் மனசார சொன்னாருன்னுதான் நான் நம்புறேன்.

ஆனா இங்க இருந்த நம்ம சனத்துக்கு அமெரிக்கா வந்தது வேற மாதிரி. 1944 நவம்பர் 5, வங்காளத்து கரக்பூர் பக்கத்துலேந்து கெளம்பின அமெரிக்க பி-29 குண்டுவீச்சு விமானங்க ஜப்பான்காரன் கையில இருந்த செம்பவாங் டாக்க அடிச்சுச்சு, போக வர 6,000 கிலோமீட்டருக்கு மேல. குறி தப்பல. டாக் கேட் கிட்ட குண்டு விழுந்து தண்ணி உள்ள பாஞ்சு, ரிப்பேருக்கு நின்ன கப்பலுக்கும் பலத்த சேதம், கப்பல்லயும் சுத்தியும் வேல செஞ்சுகிட்டிருந்தவங்க நெறைய பேர் செத்தாங்க. ஜப்பான்காரன் அடிச்சு வேல வாங்கின ஆளுங்க. தாத்தாவுக்கு அன்னைக்கு காய்ச்சல், கொட்டாயில படுத்திருந்தாரு. அவருக்கு பதிலா சொரண்டியும் வாளியும் எடுத்துகிட்டு போன கூட்டாளி திரும்பி வரல. ரெண்டு நாள் கழிச்சு போயி பாத்தப்ப அந்த வாளி மட்டும் சேத்துல கவுந்து கெடந்துச்சாம்.

சண்ட முடிஞ்சப்புறம் மூணாவது பாயின்ட் என்னாச்சுன்னு மகன் கேட்டான். இந்தோனீசியாவுல டச்சுக்காரன் விடமாட்டேன்னு அடம் புடிச்சப்ப மார்ஷல் திட்ட காசு, அதான் ஐரோப்பாவ திரும்ப கட்ட அமெரிக்கா குடுத்த உதவி, நின்னுரும்னு அமெரிக்கா மெரட்டுச்சு, 1949 கடைசில அவன் எறங்கி வந்தான். அதே அமெரிக்காதான் வியட்நாம்ல பிரெஞ்சுக்காரனுக்கு 1954 வாக்குல போர்ச் செலவுல முக்கால்வாசிக்கு மேல குடுத்துச்சு, கம்யூனிஸ்ட் பயம். ஒரே சாசனம், ரெண்டு ஊருக்கு ரெண்டு விதம். அத ஹிஸ்டரி பேப்பர்ல எழுதுடான்னேன்.

வர்றப்ப கிராஞ்சி போர் நினைவிடம் போயிட்டு வந்தோம். 24,000 பேருக்கு மேல பேரு செதுக்கின செவுரு, நம்ம பேரும் நெறைய இருக்கு, எல்லாம் பட்டாளத்துக்காரங்க. மகன் வெரல வச்சு ஒவ்வொரு வரியா படிச்சுகிட்டே போனான், தாத்தாவோட கூட்டாளி பேரு எந்த பக்கம்ப்பான்னு கேட்டான். அவரு டாக் கூலிடா, இங்க இருக்காதுன்னு சொன்னேன்.