நாற்பதாவது நிமிடத்தில் கலங்கிய கரைசல்

புற்றுநோய் மருந்துகளை மாத்திரையாக்கும் பிரிவில் சேர்ந்த புதிதில், கரையாமைதான் எங்களுக்கு ஒரே எதிரி என்று நினைத்திருந்தேன். என்னிடம் தந்தது ஒரு வெள்ளைப் பொடி. எவ்வளவு கலக்கினாலும் தண்ணீரின் மேலேயே மிதக்கும். அதைப் பாலிமரோடு கரைப்பானில் கரைத்து ஸ்ப்ரே டிரையரில் உலர்த்தினேன். படிக ஒழுங்கு குலைந்துவிட்டால் மருந்து எளிதில் கரையும். 2011-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற வெமுராஃபெனிப் மாத்திரையிலும் மருந்தைப் படிகமாக விடாமல் பாலிமருக்குள்தான் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

கரைப்புச் சோதனையில் பத்தே நிமிடத்தில் கரைசல் தெளிந்துவிட்டது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. நாற்பதாவது நிமிடம் லேசாகக் கலங்கியது. ஒரு மணி நேரத்தில் அடியில் வெண்படிவு. தன் அளவை மீறிக் கரைந்த மருந்து மறுபடி படிகமாகிவிட்டது. மாத்திரை சிறுகுடலைக் கடக்க மூன்று, நான்கு மணி நேரம் ஆகும். உறிஞ்சப்படும் நிலையில் என் மருந்து இருந்ததோ முக்கால் மணி நேரம்கூட இல்லை.

பாலிமரை மாற்றினோம், விகிதத்தை மாற்றினோம். பல மாதங்களுக்குப் பிறகு கரைசல் மூன்று மணி நேரம் தெளிவாக நின்றது. சரி, முடிந்தது என்று விலங்குச் சோதனைக்கு அனுப்பினேன். ரத்தத்தில் சேர்ந்த அளவு கொஞ்சம்தான் கூடியிருந்தது.

"கதவு வரைக்கும் கொண்டுபோயிட்டீங்க. உள்ளே போனதை வெளியே தள்ளுறது யாருன்னு பாருங்க" என்றார் எங்கள் மூத்த ஆய்வாளர். அவர் சொன்னது பி-கிளைக்கோபுரோட்டீனை. குடல் செல்லுக்குள் நுழைந்த மருந்தைத் திரும்பக் குடலுக்குள்ளேயே இறைத்துவிடும் பம்ப் அது. அதற்குத் தப்பியதில் ஒரு பங்கை, குடல் சுவரிலும் கல்லீரலிலும் உள்ள சைப் 3ஏ4 நொதி சிதைத்துவிடும். பாக்ளிடாக்செல் என்ற புற்றுநோய் மருந்தை இன்றும் பெரும்பாலும் நரம்பு வழியாகவே ஏற்றுவதற்கு, கரையாமையோடு இந்த இரண்டும் காரணம். அந்தப் பம்ப் இல்லாத சுண்டெலிகளுக்கு அதை வாய்வழியாகக் கொடுத்தபோது, உடலில் சேர்ந்த அளவு 11 சதவீதத்திலிருந்து 35 சதவீதமாக உயர்ந்தது.

அப்படியானால் பம்பை அடைத்துவிடலாமே என்றுதான் எனக்கும் தோன்றியது. குடலில் அதை அடைக்கும் என்செக்விடாரைச் சேர்த்து வாய்வழி பாக்ளிடாக்செலைக் கொண்டுவந்தார்கள். 2021-இல் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ அனுமதி தரவில்லை. நரம்பு வழி மருந்தைவிட நியூட்ரோஃபில் எனும் வெள்ளை அணுக்களின் குறைவு சார்ந்த ஆபத்து கூடியது ஒரு காரணம்.

அந்தச் செய்தியைப் படித்த பிறகுதான் என் கேள்வி மாறியது. எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்பதைவிட, தினமும் ஒரே அளவில் உறிஞ்சப்படுகிறதா என்பது எனக்கு முக்கியமாகிவிட்டது. அபிராடெரோன் அசிடேட் என்ற புராஸ்டேட் புற்றுநோய் மருந்தைக் கொழுப்பு மிகுந்த உணவோடு விழுங்கினால், வெறும் வயிற்றில் எடுப்பதைவிடச் சுமார் 10 மடங்கு ரத்தத்தில் சேரும். மாத்திரை அதேதான், ஆளும் அவரேதான். பலனுக்கும் நச்சுக்கும் இடைவெளி குறுகிய மருந்தில் இப்படி நடந்தால் நோயாளியின் கதி என்ன?

இப்போதெல்லாம் முடிவுகள் வந்ததும் சராசரியை ஒதுக்கிவிட்டு, ஒவ்வொரு விலங்கின் ரத்தத்திலும் மருந்து ஏறி இறங்கும் வரைகோட்டைத் தனியாகப் பார்க்கிறேன். போன முறை ஆறில் ஐந்து நெருங்கி வந்தன. அப்புறம் அந்த ஆறாவது ஏன் விலகியது என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.