ரூபாய் பத்து மட்டும் கிலோ

"தம்பி, நம்ம முந்திரி கிலோ பத்து ரூபாய்னு உனக்கு யாரு சொன்னது?"

காலை ஒன்பதே கால் மணிக்குப் போனை எடுத்தவுடன் இப்படி ஒரு கேள்வி வந்தால் என்ன பதில் சொல்வது? நான் பாண்டிச்சேரியில் வீட்டு வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். பேசியவர் கடலூரில் முந்திரி மொத்த வியாபாரம் செய்யும் முதலாளி. அவர் கடையில் ஓடும் பில்லிங், சம்பளம், டின்னுக்கு லேபிள் அடிப்பது என மூன்று சாஃப்ட்வேரும் நான் எழுதியவை.

"ஐயா, வாட்ஸ்அப்ல ஒரு போட்டோ அனுப்புங்க."

வந்தது. பளபளக்கும் பத்து கிலோ டின். அதன்மேல் நான் வடிவமைத்த லேபிள். முதல் வரியில் முந்திரியின் தரம், டபிள்யூ 320. இரண்டாவது வரியில், கொட்டை எழுத்தில், "நிகர எடை: ரூபாய் பத்து மட்டும் கிலோ".

வாயில் இருந்த பேஸ்ட்டைத் துப்பக்கூட மறந்துவிட்டேன்.

எடையை எழுத்தில் போடுவது முதலாளியின் பழக்கம். செக்கில் எழுதுவதுபோல எழுத்தில் இருந்தால்தான் நாளைக்கு யாரும் 10-ஐ 18 ஆக்க முடியாது என்பார். அதற்காகவே எண்ணைத் தமிழ் எழுத்தாக்கும் நிரல் ஒன்றை எழுதினேன். இது சாதாரண வேலை இல்லை. எண்பது, எழுபது வரை ஒழுங்காக இருக்கும் தமிழ், ஒன்பது வந்தால் மட்டும் முறுக்கிக்கொள்ளும். 90 தொண்ணூறு, 900 தொள்ளாயிரம், ஆனால் 9,000 ஒன்பதாயிரம். 1,250 என்றால் ஆயிரத்து இருநூற்று ஐம்பது. ஆயிரம் எப்போது ஆயிரத்து ஆகும், நூறு எப்போது நூற்று ஆகும் என்று பத்து நாள் மண்டையை உடைத்து முடித்தேன். அவ்வளவு பாடுபட்டதை ஒரே இடத்தில் வைக்கத் தோன்றுமா, தோன்றாதா? அதை ஒரு டிஎல்எல்லாக்கி, அதாவது பல நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் துணைக் கோப்பாக்கி, மூன்று சாஃப்ட்வேருக்கும் பொதுவாகக் கொடுத்தேன்.

கடையில் ஐந்து கம்ப்யூட்டர். ஒவ்வொன்றிலும் மூன்று சாஃப்ட்வேர். ஆக, அந்த டிஎல்எல்லுக்குப் பதினைந்து நகல். சின்னத் திருத்தம் என்றாலும் பதினைந்து இடத்தில் மாற்றவேண்டும். நாலாவது முறை மாற்றும்போது சலித்துப்போய், ஜிஏசியில் போட்டுவிட்டேன். மைக்ரோசாஃப்ட்டின் டாட்நெட் ஃப்ரேம்வொர்க்கில் எழுதுபவர்களுக்குத் தெரியும், அது விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் பொதுக் கிட்டங்கி. எந்த நிரலும் அங்கே வந்து எடுத்துக்கொள்ளலாம். கம்ப்யூட்டருக்கு ஒரு நகல், மொத்தம் ஐந்தே நகல். எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

முந்தின நாள் என்ன நடந்தது என்றால், ஆடிட்டர் பில்லில் பைசாவையும் எழுத்தில் கேட்டார். சரி, கையோடு "ரூபாய்" முன்னாலும் "மட்டும்" பின்னாலும் டிஎல்எல்லே சேர்த்துவிடட்டும் என்று மாற்றி, பில்லிங்கை மட்டும் அதற்கேற்பத் திருத்தி, ஓட்டிப் பார்த்தேன். அருமை. ஐந்து கம்ப்யூட்டரிலும் பழையதன்மேல் புதியதை ஏற்றிவிட்டு பஸ் ஏறினேன். லேபிள் நிரலை நான் தொடவே இல்லை. தொடாததை எதற்குச் சோதிக்க வேண்டும்?

மறுபடியும் பஸ். அரியாங்குப்பம், தவளக்குப்பம், கன்னியக்கோயில் என்று அது நின்று நின்று போக, அதற்குள் முதலாளி மூன்று முறை கூப்பிட்டுவிட்டார். மூன்றாவது முறை குரல் வேறு மாதிரி இருந்தது. டின் வாங்கிய பாண்டிச்சேரி ஸ்வீட் கடைக்காரர் பேசினாராம். "லேபிள்ல போட்ட விலைக்கே எடுத்துக்கறேன், ஸ்டாக் மொத்தத்தையும் அனுப்பு" என்றாராம்.

கடைக்குப் போய் லேபிள் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். லேபிள் ஃபோல்டரில் பழைய டிஎல்எல்லின் நகல் ஒன்று அப்படியே இருந்தது. அப்புறம் எப்படிப் புது வேலையைக் காட்டுகிறது? இருபது நிமிடம் அந்தக் கோப்பையே முறைத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் உறைத்தது. ஜிஏசிக்காக டிஜிட்டல் சாவியால் கையெழுத்திட்ட டிஎல்எல் என்றால் டாட்நெட் முதலில் ஜிஏசியில்தான் தேடும். அங்கே கிடைத்துவிட்டால் பக்கத்தில் இருக்கும் நகலைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

ஜிஏசி மேல் பழி போட முடியாது. ஒரே டிஎல்எல்லின் பல பதிப்புகளை அருகருகே வைத்துக்கொள்ளத்தான் அதை உண்டாக்கினார்கள். பெயர், பதிப்பு எண், மொழி, சாவி அடையாளம் நான்கையும் பார்த்துத்தான் எடுத்துக்கொடுக்கும். நான்தான் முதல் நாளிலிருந்து பதிப்பு எண்ணை 1.0.0.0 என்றே விட்டிருந்தேன். பெயரும் எண்ணும் ஒன்றாக இருந்தால் அது பாவம் எதைக் கண்டுபிடிக்கும்?

இதை முதலாளிக்கு விளக்கப் போனேன். ஒருவர் டிஎல்எல்லை மாற்றினால் இன்னொருவருடைய சாஃப்ட்வேர் படுத்துக்கொள்ளும் சங்கடம் பழைய விண்டோஸ் காலத்திலிருந்தே உண்டு, அதற்கு டிஎல்எல் நரகம் என்றே பெயர், அப்போதெல்லாம் ஹார்ட் டிஸ்கில் இடம் கம்மி, அதனால் பகிர்ந்துகொண்டார்கள் என்று ஆரம்பித்தேன்.

"இப்ப உன்னோடது எவ்வளவு இடம் புடிக்கும்?"

கணக்குப் போட்டேன். ஒரு நகல் 84 கேபி. பதினைந்தும் சேர்த்து 1,260 கேபி. அவருக்குத் தினமும் காலையில் வரும் குட்மார்னிங் படங்கள் இதைவிட அதிகம் இருக்கும். சொல்லவில்லை.

இதற்குள் கணக்கு எழுதும் அக்கா கறுப்பு மார்க்கர் பேனாவோடு கிட்டங்கியில் உட்கார்ந்துவிட்டார். டின்னை மடியில் சாய்த்து, "ரூபாய்" மேல் ஒரு இழுப்பு, "மட்டும்" மேல் ஒரு இழுப்பு. மிச்சம் "பத்து கிலோ". நான் ஜிஏசி, பதிப்பு எண் என்று பேசிக்கொண்டிருந்த நேரத்தில் அறுபது டின் முடித்திருந்தார்.

நான் முடிக்க மாலை நாலு மணி ஆனது. ஜிஏசியிலிருந்து டிஎல்எல்லை எடுத்துவிட்டேன். பழையபடி ஒவ்வொரு நிரலின் ஃபோல்டரிலும் அதனதன் நகல். எண்ணை எழுத்தாக்குவது தனி, பணமாக எழுதுவது தனி என்று இரண்டாகப் பிரித்து, பதிப்பு எண்ணையும் ஏற்றினேன். பதினைந்து இடத்துக்கு நடக்கும் சலிப்புக்கு ஒரு குட்டி நிரல்: சாஃப்ட்வேரைத் திறக்கும்போது அது சர்வரில் அந்தந்த சாஃப்ட்வேருக்கென்று வைத்த ஃபோல்டரைப் பார்த்து, புதியது இருந்தால் எடுத்து வந்துவிடும்.

பையைத் தோளில் மாட்டும்போது மூட்டை தூக்கும் அண்ணன் ஒரு சீட்டோடு வந்து நின்றார். அன்று காலையில் அடித்த சம்பளச் சீட்டு. சம்பள நிரல் தன் பங்குக்கு ஒரு முறை சேர்க்க, டிஎல்எல்லும் ஒரு முறை சேர்த்திருந்தது: "ரூபாய் ரூபாய் பதினோராயிரத்து ஐந்நூறு மட்டும் மட்டும்."

"ரூபாய் ரெண்டு தபா போட்டிருக்கு தம்பி. இன்னொரு பதினொண்ணு ஐந்நூறு எப்ப வரும்?"

"மட்டும்கூட ரெண்டு தடவை இருக்கேண்ணே" என்றேன்.

சீட்டை வாங்கி இன்னொரு முறை படித்தார். மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, முதலாளி அறையை நோக்கி நடந்தார். நான் பஸ்ஸுக்கு ஓடினேன்.