ராத்திரி இரண்டு மணி போன்

சென்னையில் ஒரு மருத்துவமனையின் பொது மருத்துவப் பிரிவில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்த புதிது. எங்கள் பிரிவில் புது நோயாளிகளைச் சேர்க்கும் அட்மிஷன் நாளில் வீட்டுக்குக் கிளம்பும்போது பி.ஜி.க்களிடம், அதாவது மேற்படிப்பு படிக்கும் பயிற்சி மருத்துவர்களிடம், "ஏதாவதுன்னா கூப்பிடுங்கப்பா" என்பேன். அதோடு என் பொறுப்பு முடிந்தது என்றே நம்பியிருந்தேன்.

ஒரு ராத்திரி, சுகர் எகிறி, ரத்தத்தில் அமிலம் சேர்ந்துவிடும் கீட்டோஅசிடோசிஸில் ஒரு கல்லூரிப் பையன் வந்தான். இன்சுலின் போடுமுன் பொட்டாசியம் பார்க்க வேண்டும். அது 3.5க்குக் கீழே இருந்தால் முதலில் பொட்டாசியம் ஏற்றிவிட்டு அப்புறம்தான் இன்சுலின். இன்சுலின் ரத்தத்திலிருக்கும் பொட்டாசியத்தைச் செல்லுக்குள் தள்ளிவிடும். இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். டூட்டியில் இருந்த முதலாண்டு பி.ஜி.க்கு இது நன்றாகத் தெரியும். ஆனால் லேப் ரிசல்ட் தாமதம், வெளியே இன்னும் எட்டுப் பேர். இன்சுலினை ஆரம்பித்துவிட்டார். ரிசல்ட் வந்தபோது 2.9. மானிட்டரில் துடிப்பு மாறியதை சிஸ்டர் கவனித்துக் குரல் கொடுத்ததால் பையன் பிழைத்தான்.

காலையில், "ஏம்மா என்னைக் கூப்பிடலை?" என்றேன்.

"இதுகூடத் தெரியாதான்னு கேட்பீங்களோன்னு பயமா இருந்துச்சு சார்."

முந்தின வாரம் ரவுண்ட்ஸில், எல்லோர் முன்னாலும், இன்னொரு பி.ஜி.யிடம் நான் கேட்ட அதே கேள்வி. அன்றைக்கு முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

1984இல் நியூயார்க்கில் 18 வயதுப் பெண் ஒருத்தி, பயிற்சி மருத்துவர்களின் பராமரிப்பில் இருந்தபோது இறந்துபோனாள். அதன் தொடர்ச்சியாக 1989இல் வந்த விதிகளில், வாரத்துக்கு 80 மணி நேரம்தான் வேலை என்பதை எல்லோரும் நினைவு வைத்திருக்கிறார்கள். மூத்த மருத்துவரின் மேற்பார்வை ராத்திரியிலும் இருக்க வேண்டும் என்று அவற்றிலேயே சொல்லியிருப்பதைப் பற்றி நம் ஊரில் அவ்வளவாகப் பேசுவதில்லை. பி.ஜி.க்கள் தங்கள் வேலையைக் குறித்துவைக்கும் லாக்புக்கில் மாதக் கடைசியில் மொத்தமாகக் கையெழுத்துப் போடுவது மேற்பார்வை ஆகாது.

இப்போது நானே கூப்பிடுகிறேன், பத்தரைக்கு ஒரு முறை, படுக்கும் முன் ஒரு முறை. பிரஷர் இறங்கினால், மூச்சுக்கு டியூப் போட வேண்டியிருந்தால், உறவினர்கள் கோபப்பட்டால் யோசிக்காமல் போன் போட வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுகிறேன். பேசும்போது, "நீ என்ன நினைக்கிறே?" என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன். ரவுண்ட்ஸில் குரலை உயர்த்துவதில்லை; இதைப் பழகத்தான் ரொம்ப நாள் ஆனது.

அன்றைக்கு என்னைக் கூப்பிடப் பயந்த அதே பி.ஜி. பிறகு, மூன்று மாத மாவட்ட மருத்துவமனைப் பயிற்சிக்கு வெளியூர் போயிருந்தார். ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்கு போன்.

"சார், தூங்கிட்டீங்களா?"

"ஆமாம்மா, பரவாயில்லை. சொல்லு."