கிளிப்பை எடுத்த பிறகு

பாலக்காட்டுப் பக்கம் இருக்கிற கொழிஞ்சாம்பாறையிலிருந்து பஸ் பிடித்து மூன்று வருஷம் ஒரு லேபுக்குப் போய்வந்தேன். வேலை, எலிக்குடலை மெழுகில் பதித்து மைக்ரோடோமில் சீவி, சாயம் போட்டு ஸ்லைடாகக் கொடுப்பது. வீட்டில் யாராவது கேட்டால் "லேப்" என்பேன், அதோடு சரி.

எலியை மயக்கி, சிறுகுடலுக்கு இரத்தம் கொண்டுபோகும் தமனியில் கிளிப் போட்டு 45 நிமிடம் நிறுத்துவார்கள். அப்புறம் கிளிப்பை எடுத்து இரண்டு மணி நேரம் இரத்தத்தை ஓடவிட்டு, குடலை என்னிடம் தருவார்கள். கிளிப்போடு அப்படியே எடுத்த குடலைவிட அவிழ்த்துவிட்ட குடல்தான் கந்தலாக இருந்தது, குடலின் உள்பக்கம் விரல்விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகளின் நுனியெல்லாம் உரிந்துபோய். இது புதுசில்லை. பார்க்ஸ், கிரேஞ்சர் என்ற ஆராய்ச்சியாளர்கள் 1986-லேயே பூனைக்குடலில் காட்டியதுதான்: 4 மணி நேரம் இரத்தம் குறைந்தே கிடந்த குடலைவிட, 3 மணி நேரம் குறைந்து 1 மணி நேரம் திரும்பக் கிடைத்த குடலுக்குச் சேதம் அதிகம்.

அப்பாவிடம் சொன்னபோது அவர் அசரவே இல்லை. மூலத்தறைத் தடுப்பணையிலிருந்து வாய்க்காலில் தண்ணீர் விடுகிற அன்றைக்குத்தானே கரை உடையும், உள்ளே எலிப்பொந்து இருந்தால் கேட்கவே வேண்டாம் என்றார்.

எங்கள் கதையில் பொந்து என்றால் மாஸ்ட் செல், உடம்பின் திசுக்களில் காவலுக்கு இருக்கும் ஒரு நோயெதிர்ப்பு செல். 1878-ல் பால் எர்லிக் தன் முனைவர் பட்ட ஆய்வில் வைத்த பெயர், தின்று கொழுத்த செல் என்று நினைத்து வைத்தது. உள்ளே மணிமணியாக இருப்பது தீனி இல்லை. ஹிஸ்டமின், ஹெப்பாரின், கூடவே கைமேஸ், டிரிப்டேஸ் என்ற புரதம் வெட்டும் நொதிகள். இரத்தம் திரும்பும்போது ஆக்சிஜனும் வருகிறது, அதிலிருந்து சூப்பராக்சைடு என்ற, செல்லைத் தாக்கும் ஆக்சிஜன் வடிவம் உண்டாகிறது, அந்தக் கலவரத்தில் மாஸ்ட் செல் மூட்டையை அவிழ்த்துவிடுகிறது. கைமேஸ் குடலின் மேல்தோல் செல்களை ஒட்டவைத்திருக்கும் இணைப்புகளைக் குலைக்கும். டிரிப்டேஸ் பார்-2 என்ற ஏற்பியைத் தட்டி அழற்சியைக் கிளப்பும். சுவர் ஓட்டையானால் உள்ளிருக்கும் பாக்டீரியா நச்சு இரத்தத்துக்குள் போகும், நுரையீரல்வரை அடி விழும். மாஸ்ட் செல் மட்டுமே குற்றவாளி என்றும் சொல்ல முடியாது, நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு, காம்ப்ளிமென்ட் என்ற இரத்தப் புரதங்கள் எல்லாம் கூட்டாளிகள்.

நான் சொதப்பியது இங்கேதான். டொலுடின் புளூ என்ற சாயம் போட்டால் அந்த மணிகள் ஊதாவாகத் தெரிய வேண்டும். என் ஸ்லைடில் குடலின் உட்படலத்தில் ஒன்றுகூட இல்லை. மணிகளைக் கொட்டிவிட்ட செல் சாயம் ஏறாது என்று படித்திருந்ததால், ஆகா, எல்லாம் வெடித்துவிட்டது, இதுதான் ரிசல்ட் என்று உற்சாகமாக எழுதிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சேச்சி கிளிப்பே போடாத எலியின் ஸ்லைடை எடுத்து வைத்துப் பார்த்தார். அதிலும் ஒன்றும் இல்லை.

"ஃபார்மலினில் இட்டதாணோ? பின்னே எங்ஙனே காணும்?"

ஃபார்மலின், திசு கெடாமல் போட்டுவைக்கும் திரவம். எலியின் குடல் உட்படல மாஸ்ட் செல் அதில் கிடந்தால் அந்தச் சாயத்துக்குச் சரியாகப் பிடிகொடுக்காது. கார்னாய் என்ற வேறு திரவத்தில் போட்டிருக்க வேண்டும்: ஆல்கஹால் 6, குளோரோஃபார்ம் 3, அசிட்டிக் ஆசிட் 1. ஒரு மாத வேலை போனதுகூடப் பரவாயில்லை, அந்த எலிகளை நினைத்தால் இன்றைக்கும் உறுத்தும்.

மறுபடி செய்தபோது, கிளிப் போடாத குடலில் ஊதா செல்கள் முழுசாக உட்கார்ந்திருந்தன. அவிழ்த்துவிட்டதில், சாக்கு கிழிந்து ராகி சிதறியதுபோல் செல்லைச் சுற்றி மணிகள் இறைந்து கிடந்தன. ஒரு ஸ்லைடையே அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்துமாவுக்குக் கொடுத்த பழைய மருந்து குரோமோகிளைகேட், மாஸ்ட் செல் மூட்டையை அவிழ்க்காமல் தடுப்பது. முன்கூட்டியே கொடுத்த எலிகளில் சேதம் குறைகிறது என்று ஏற்கெனவே வெளியான ஆய்வுகள் உண்டு. எலிக்குச் சரி, கிளிப் எப்போது விழும் என்று நமக்குத் தெரியும். குடல் தமனியில் இரத்தக்கட்டி அடைத்து வயிற்றுவலியோடு வருகிறவருக்கு, வரும்போதே கிளிப் விழுந்தாயிற்றே. கிளிப்பை எடுக்கும் நேரத்தில் கொடுத்துப் பார்க்கலாம் என்று அடுத்த எலிகளைத் தயார் செய்தார்கள். அதற்குள் எனக்குக் கோயம்புத்தூரில் வேறு வேலை கிடைத்துவிட்டது. கிளம்பும் முன் கார்னாய் பாட்டில்களுக்குச் சிவப்பு டேப் ஒட்டிவிட்டு வந்தேன்.