மாமனாரின் ஜிபிஎஸ்ஸும் நாலாவது பின்னும்

என் மாமனாருக்குப் பொள்ளாச்சி. ஆழியாரிலிருந்து வால்பாறை ஏறும் 40 கொண்டை ஊசி வளைவும் அவருக்கு மனப்பாடம், எந்த வளைவில் வரையாடு நிற்கும், எந்த இடத்தில் பஸ்காரர் அகலமாக வாங்கி வருவார் என்பதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அப்படிப்பட்ட மனுஷர், காரின் முன் கண்ணாடியில் ஒரு பழைய ஜிபிஎஸ் பெட்டியை ஒட்டிக்கொண்டுதான் மலை ஏறுவார். வழி பார்க்க அல்ல. எத்தனை அடி உயரத்தில் இருக்கிறோம் என்று அது காட்டும், அது வேண்டும் அவருக்கு. அதோடு அதில் பேசுகிற பெண்குரலுக்குப் பதில் சொல்லிக்கொண்டே ஓட்டுவது ஒரு பழக்கமாகிவிட்டது. செல்போனில் மேப் இருக்கிறதே என்றால், 'சிக்னல் போயிட்டா அது ஊமைங்க, இது அப்படியில்லை' என்பார். அதுவும் சரிதான், மேப் முழுக்க பெட்டிக்குள்ளேயே இருக்கிறது, செயற்கைக்கோள் தெரிந்தால் போதும்.

ஜூன் மாதம் போன் வந்தது. "மாப்பிள்ளை, அந்தப் புள்ள பேசமாட்டேங்குதுங்க. வயரைக் கொஞ்சம் மேல தூக்கிப் புடிச்சா பேசுது, உட்டா நின்னு போயிருது."

இதற்கு மேல் எந்த மெக்கானிக்கும் நோயை விளக்க முடியாது. வயரைச் செருகும் வாயான சார்ஜ் போர்ட், உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டிலிருந்து கழன்றுகொண்டிருக்கிறது. கண்ணாடியில் தொங்கும் பெட்டி, அதன் அடியில் கனமான கார் சார்ஜர் வயர், மேடு பள்ளத்தில் அந்த வயர் வருஷக்கணக்கில் ஆடி ஆடி போர்ட்டை நெம்பியிருக்கிறது. அங்கே ஒரு செல்போன் கடையில் காட்டியிருக்கிறார். 'இதுக்கெல்லாம் போர்ட் வராதுங்க, புதுசு வாங்கிக்கங்க' என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த முறை போனபோது பெட்டியைச் சென்னைக்கு எடுத்து வந்துவிட்டேன்.

பிரிப்பதற்கு முன்னால் பல்குச்சியால் போர்ட்டின் வாய்க்குள் சுரண்டிப் பார்த்தேன், பாதி 'ரிப்பேர்'கள் இந்த இடத்திலேயே முடிந்துவிடும். தூசி வந்தது, ஆட்டம் போகவில்லை. சரி, பிரிக்க வேண்டியதுதான். பின்பக்க ஸ்டிக்கருக்கு அடியில் நட்சத்திரத் தலை ஸ்க்ரூ இரண்டு, ஓரத்தில் இரண்டு. காலாவதியான ஏடிஎம் கார்டை இடுக்கில் விட்டு மெதுவாக ஓட்டினால் மூடி திறந்துகொள்கிறது. ஸ்பீக்கர் வயர் மூடியோடு வரும், வெடுக்கென்று இழுத்தால் அடுத்த ரிப்பேர் அதுதான். திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது. லித்தியம் பேட்டரி இணைப்பில் இருக்கும்போது பக்கத்தில் சால்டரிங் அயர்ன் வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், அவர்களுக்கு என்ன தைரியமோ. பேட்டரி உப்பியிருந்தால் போர்ட்டை மறந்துவிட்டு முதலில் பேட்டரியை மாற்றுங்கள். இதில் நல்லவேளையாக உப்பவில்லை.

உள்ளே இருந்தது மினி யுஎஸ்பி. இப்போதைய பிள்ளைகள் பார்த்தே இருக்க மாட்டார்கள். பின்னால் ஊசி மாதிரி மெல்லிய ஐந்து பின், ஒரு பின்னுக்கும் அடுத்ததற்கும் 0.8 மில்லிமீட்டர். ஒன்றாவது 5 வோல்ட், இரண்டும் மூன்றும் டேட்டா, ஐந்தாவது கிரவுண்ட், அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் வழி. நாலாவதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன், இந்தக் கதையே அதைப் பற்றித்தான். பக்கவாட்டில் உலோகக் கூட்டின் நான்கு கால்கள், ஆட்டத்தைத் தாங்குவது உண்மையில் அவைதான். நான்கில் மூன்றில் சால்டர் (பற்றவைத்த உலோகம்) வெடித்திருந்தது. நாலாவது கால் செம்புத் தகட்டையே போர்டிலிருந்து உரித்துக்கொண்டு அந்தரத்தில் நின்றது.

சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் ரிச்சி தெருவில் போர்ட் ஒன்று 10 ரூபாய்க்குக் கிடைத்தது. பத்து வாங்கினேன், வீட்டுக்கு வந்து பார்த்தால் போர்டில் ஓட்டை போட்டு நுழைக்கிற வகை, எனக்கு வேண்டியது மேலே உட்காரும் வகை. வாய் ஒரே மாதிரி இருக்கும், கால்தான் வேறு. பழைய போர்ட்டைப் படம் எடுத்துக்கொண்டு மறுபடி போனேன்.

பழையதை எடுப்பதில்தான் பலர் போர்டைக் கொல்வது. கம்பெனியில் போட்டது ஈயமில்லாத சால்டர், உருகுவதற்கு 217 டிகிரிக்கு மேல் வேண்டும். நம்மிடம் இருக்கும் 63/37 ஈயக் கம்பி (63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு ஈயம்) 183-லேயே உருகிவிடும். அதனால் பழைய சால்டரின் மேல் புது ஈயத்தைத் தாராளமாக ஏற்றினால் இரண்டும் கலந்து சீக்கிரம் இளகும். சால்டர் நன்றாக ஓடுவதற்கான ஃப்ளக்ஸ் பேஸ்ட் தடவி, ஒவ்வொரு காலாகச் சூடாக்கி, போர்ட் தானாக மிதந்து நகரும் வரை காத்திருக்க வேண்டும். இழுக்கவே கூடாது. பிறகு சால்டரை உறிஞ்சும் செம்புப் பின்னலான விக்கை வைத்து ஒற்றி எடுத்தால் தடம் பளபளவென்று வெளியே வரும். உரிந்துபோன காலுக்குப் பக்கத்தில் பச்சைப் பூச்சைப் பிளேடால் சுரண்டினேன், கீழே கிரவுண்ட் செம்பு தெரிந்தது, அந்தக் காலை அதிலேயே பற்றவைத்தேன். நாற்பதைத் தாண்டிய கண்ணுக்கு 0.8 மில்லிமீட்டர் சும்மா தெரியாது, மகளின் பூதக்கண்ணாடியை வாயில் கவ்விக்கொள்ளாத குறை.

பேட்டரியை மாட்டும் முன் மல்டிமீட்டரில் ஒன்றாவது பின்னுக்கும் ஐந்தாவதற்கும் இடையில் பீப் வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை, ஷார்ட் இல்லை. போன் சார்ஜர் ஒன்றில் ஒரு சாதாரண மினி யுஎஸ்பி வயரைச் செருகினேன். திரையில் கம்ப்யூட்டர் படம், பேட்டரி ஏறுகிறது. கூட்டின் இரண்டு பக்கமும் எபாக்ஸி பசை வைத்து, ஒரு நாள் காயவிட்டு, ஏதோ சாதித்த நினைப்பில் ஆகஸ்ட் 9 அன்று பொள்ளாச்சி போனேன். மறுநாள் வால்பாறை.

சனிக்கிழமை ராத்திரி வாசலில் காரில் மாட்டினோம். மேப் வரவில்லை. அதே கம்ப்யூட்டர் படம். மாமனார் ஒன்றும் சொல்லவில்லை, 'சாப்பிட்டுட்டுப் பார்த்துக்கலாங்க மாப்பிள்ளை' என்றார், அதுதான் சுருக்கென்றது.

சாப்பிடும்போதுதான் உறைத்தது. இந்த மாதிரிப் பல பெட்டிகளில், சாதாரண வயரைச் செருகினால் கம்ப்யூட்டரில் மாட்டியிருப்பதாக நினைத்துக்கொண்டு மேப்பை மூடிவிடும். கார் சார்ஜரின் வயரில் மட்டும் நாலாவது பின்னை உள்ளுக்குள் கிரவுண்டோடு சேர்த்திருப்பார்கள், அதைப் பார்த்துத்தான் 'ஓ, கார்' என்று பெட்டிக்குப் புரியும். வீட்டில் சாதாரண வயரில் சோதித்தபோது அந்தப் படம் வந்ததில் தப்பில்லை, அதனால் எனக்குச் சந்தேகமும் வரவில்லை. நான் சோதிக்காமல் விட்டது அந்த ஒரு பின்னைத்தான்.

மறுபடி பிரித்தேன். நாலாவது பின் ஈயத்தின் மேல் சும்மா சாய்ந்துகொண்டிருந்தது, ஊசியால் தொட்டால் அசைந்தது. வீட்டில் இருந்ததோ மாமனாரின் ரேடியோ காலத்து 25 வாட் அயர்ன், நுனி சுண்டுவிரல் கனம். ஒரு செம்பு இழையை நுனியில் நாலு சுற்று சுற்றி, வால் மாதிரி கொஞ்சம் நீட்டிவிட்டு, அந்த வாலால் தொட்டேன். அவர் டார்ச் பிடித்தார். இரண்டு நொடி வேலை. காரில் மாட்டினால் மேப்.

மறுநாள் கிளம்பும்போது வயரைக் கண்ணாடியின் ஓரத்தில் ஒரு கிளிப் போட்டுப் பிடிக்கவைத்தேன், இனி கனம் போர்ட்டில் விழாது. 9-வது வளைவில் ஆழியாறு அணையைப் பார்க்க நிறுத்தியபோது, பயணப் பதிவில் தேதியைக் கவனித்தேன்: 2005 டிசம்பர் 25, ஞாயிறு. அன்றைக்கு 2025 ஆகஸ்ட் 10. ஜிபிஎஸ் சிக்னலில் வார எண்ணுக்குப் பத்து பிட்தான் (இரும எண்ணில் பத்து இலக்கம்) இடம், 1024 வாரம் ஆனதும் சுழியத்திலிருந்து மறுபடி எண்ணும். கடைசியாக 2019 ஏப்ரலில் அப்படித் திரும்பியது, அப்டேட் பார்க்காத பல பெட்டிகள் அங்கேயே குழம்பிவிட்டன. இந்தப் பெட்டி சரியாக 1024 வாரம் பின்னால் இருக்கிறது; பிழை முழு வாரக் கணக்கில் இருப்பதால் கிழமை தப்பாகக் காட்டாது, இடமும் தப்பாகக் காட்டாது.

இதையெல்லாம் மாமனாருக்கு விளக்கினேன். எங்கள் கல்யாணம் 2007-இல். அவர் கொஞ்ச நேரம் தேதியையே பார்த்துவிட்டு, "அப்ப இந்தப் பொட்டியோட கணக்குல நீங்க இன்னும் எங்க மாப்பிள்ளையே ஆகலைங்க" என்றார்.