எல்ட்ஸ் கோட்டை: அட்டை மாடல், ஐந்தாவது வாரம்

போன ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது தடவையாகச் சுவர்களை வெட்டினேன். இந்த முறை எல்லாம் சரியாக உட்கார்ந்துவிட்டது. அவ்வளவு சந்தோஷம்.

எல்ட்ஸ் கோட்டை ஜெர்மனியில், மோசல் ஆற்றிலிருந்து சற்று உள்ளே தள்ளிக் காட்டுக்கு நடுவில் இருக்கிறது. மூன்று பக்கமும் எல்ஸ்பாக் ஓடை சுற்றி ஓட, 70 மீட்டர் உயரப் பாறைமேல் நிற்கிறது. பழைய 500 மார்க் நோட்டின் பின்பக்கத்தில் இருந்தது இதுதான். நான் எடுத்த அளவு 1:250. பாறை 28 செ.மீ., கோபுர வீடுகள் 12 முதல் 16 செ.மீ. பாறைக்குத் தெர்மகோல், சுவருக்குக் கெட்டி அட்டை, ஒட்டுவதற்கு ஃபெவிகால்.

முதல் இரண்டு தடவையும் ஒரே தப்புதான். கோட்டையை ஒரே கட்டடமாக நினைத்து, வெளிச்சுவரை முழுசாக வளைத்து ஒட்டிவிட்டு, உள்ளே வீடுகளை அடைக்கப் பார்த்தேன். ஒரு கூரையும் இன்னொன்றோடு சேரவில்லை. வரலாற்றை எடுத்துப் படித்த பிறகுதான் புரிந்தது. ஒரே முற்றத்தைச் சுற்றிப் பங்காளிகள் கட்டிக்கொண்ட வீடுகளின் முதுகுதான் இங்கே பெரும்பாலும் வெளிச்சுவர்!

1157-ல் பேரரசர் பார்பரோசா கொடுத்த தானப் பத்திரத்தில் சாட்சியாக ருடால்ஃப் வான் எல்ட்ஸ் பெயர் வருகிறது. 1268-க்கு முன்பே எலியாஸ், வில்ஹெல்ம், தியோடரிக் என்ற மூன்று சகோதரர்கள் கோட்டையைப் பாகம் பிரித்துக்கொண்டார்கள். பிரித்த பிறகும் கெம்பனிக், ரூபனாக், ரோடன்டார்ஃப் ஆகிய மூன்று கிளைகளும் அதே பாறையில்தான் குடியிருந்தன. பக்கவாட்டில் இடம் ஏது? வீடுகள் மேல்நோக்கி வளர்ந்தன.

அதனால் அவர்கள் கட்டிய வரிசையிலேயே நானும் செய்தேன். முதலில் பழைய கோபுரமான பிளாட்டெல்ட்ஸ். அடுத்து 1472-ல் முடிந்த ரூபனாக் வீடு. பிறகு ரோடன்டார்ஃப். கடைசியாக, 17ஆம் நூற்றாண்டில் முடிந்த கெம்பனிக்.

இரண்டு நாளை விழுங்கியது ரூபனாக் வாசல்தான். கதவுக்கு மேலே வெளியே நீட்டிய மாடம் ஒன்று. அதைத் தாங்க இரண்டு பசால்ட் (எரிமலைப் பாறை) தூண்கள். பல்குச்சியை ஒரு செ.மீ. அளவுக்கு நறுக்கி, உப்புத்தாளில் உருட்டி உருட்டி மெலிதாக்கி, சாம்பல் நிறம் பூசினேன். விளக்கு வெளிச்சத்தில் அந்தத் தூண்களின் நிழல் கதவில் விழுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

வீணான பழைய சுவர்களைத் தூக்கிப் போடவில்லை. ட்ரியர் பேராயர் பால்டுவின், 1331-ல் மூண்ட சண்டையில் இந்தக் கோட்டையைப் பணியவைக்க, பக்கத்து மேட்டில் ட்ரூட்ஸ்எல்ட்ஸ் என்று ஒரு முற்றுகைக் கோட்டை எழுப்பி, அங்கிருந்து கல்லெறிய வைத்தார். எல்ட்ஸ்காரர்கள் பணிந்தார்கள், வீடு மட்டும் அவர்களிடமே தங்கியது. இன்றைக்கு இடிந்து கிடப்பது பேராயர் கட்டியதுதான். உடைந்த அட்டைத் துண்டுகளை அதற்கு வைத்துவிட்டேன்.

1688-ல் தொடங்கிய போரில் பிரெஞ்சுப் படை அந்தப் பக்கத்துக் கோட்டைகளை வரிசையாகத் தகர்த்தபோது, அதே படையில் அதிகாரியாக இருந்த ஹான்ஸ் அன்டன் என்ற எல்ட்ஸ் குடும்பத்தவர் இதைக் காப்பாற்றினார். 1815-ல் அதே குடும்பத்து ஹூகோ பிலிப் ரூபனாக் பங்கை விலைக்கு வாங்க, பிரிந்த பாகங்கள் ஒரே கைக்கு வந்தன. இன்றும் அந்தக் குடும்பத்தின் சொத்துதான்.

இப்போது கூரை வேலை. ஸ்லேட் கல்லுக்காகக் கறுப்பு உப்புத்தாளை 2 மி.மீ. பட்டைகளாக வெட்டி, கீழிருந்து மேலாக ஒட்டி வருகிறேன். ரூபனாக் முடிந்தது. கெம்பனிக் பாதியில் நிற்கிறது.