பாட்டியின் சார்பில் இசே தரிசனம்

நாகோயாவில் எங்கள் பக்கத்து வீட்டு ஜப்பானியப் பாட்டிக்கு முழங்கால் வலி முற்றிவிட்டதால், சூரிய தேவியான அம்மை அமாதெராசு ஓமிகாமியின் பெருங்கோயிலான இசே ஜிங்கூவுக்கு அவர் செலுத்த வேண்டிய நன்றியைச் செலுத்திவரும் பொறுப்பு என்னிடம் வந்தது. முற்காலத்தில் ஊரார் பணம் திரட்டி, சீட்டுக் குலுக்கி, அனைவர் சார்பிலும் சிலரை இசேக்கு அனுப்பிய வழக்கம் அங்கு உண்டு என்பதால், வேறொருவர் போய் வருவது அவருக்குக் குறையாகத் தோன்றவில்லை.

முறைப்படி, அன்னம் அளிக்கும் தொயோஉகே ஓமிகாமி உறையும் வெளிக்கோயிலான கெக்கூவை முதலில் வணங்கினேன். அங்கிருந்து அமாதெராசு உறையும் உட்கோயிலான நைக்கூவுக்குச் செல்லும் பேருந்தில் நிற்கவும் இடமில்லை. கடைத்தெருவிலோ கொடி பிடித்த சுற்றுலாக் குழுக்களுக்கு நடுவே நகர்வதே பெரும்பாடு. கையைப் பிடித்து இழுக்கும் தரகர்கள் இல்லாததே ஆறுதல்.

நைக்கூவின் நுழைவிலுள்ள உஜி பாலத்தின் இரு முனைகளிலும் நிற்கும் தோரீ வாயில்கள், முந்தைய மூலக்கோயில்களின் தூண்களிலிருந்து செய்யப்பட்டவை. 690இல் தொடங்கி, போர்க்காலங்களில் தடைப்பட்டாலும், 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை பக்கத்து மனையில் ஹினோகி என்னும் ஜப்பானிய சைப்ரஸ் மரத்தால் கோயிலைப் புதிதாக எழுப்பி அம்மையை எழுந்தருளச் செய்கிறார்கள். 62ஆவது முறை 2013இல் நடந்தது, அடுத்தது 2033இல். கல்லில் நிலைநிறுத்தாமல், கட்டும் கைகளில் ஒரு கோயிலை நிலைநிறுத்தியிருக்கிறார்களே என்று வியந்தபடி, இசுசு ஆற்றில் கை கழுவி உள்ளே நடந்தேன்.

படிக்கட்டுக்கு மேல் படம் எடுக்கக் கூடாது. கீழேயே கைப்பேசியை உயர்த்தி வழியை அடைத்து நின்றவர்களைக் கடந்து ஏறினால், அமாதெராசு ஓமிகாமியின் சந்நிதியை மறைத்து ஒரு வெண்திரை மட்டும் தொங்குகிறது. அவருடைய புனிதக் கண்ணாடி யார் கண்ணிலும் படுவதில்லை. "அங்கே எதையும் கேட்காதீர்கள், நன்றி மட்டும் சொல்லுங்கள்" என்று பாட்டி சொல்லி அனுப்பியிருந்தார். இருமுறை குனிந்து, இருமுறை கைதட்டிக் கண்மூடியபோது, வரிசையில் பட்ட எரிச்சலெல்லாம் எங்கோ போய்விட்டது. கண் திறந்த வேளையில் காற்று வீசி, திரை மெல்ல உள்வாங்கி உயர்ந்தது. அதை அம்மை வரவேற்கும் அடையாளமாகவே அங்குள்ளோர் கொள்கிறார்கள். திரைக்கு அப்பால் என்ன கண்டேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, கண்ணில் நீர் மட்டும் நிற்கவில்லை. இறுதியாக ஒருமுறை குனிந்து விலகினேன்.

சொந்த வேண்டுதல்களுக்குப் பலர் நாடும், அம்மையின் துணைக்கோயிலான அராமாத்சுரி நோ மியா பின்புறம் இருக்கிறது. பாட்டியின் முழங்காலை அங்கே அம்மையிடம் ஒப்படைத்தேன். அவருடைய கடனைத் தீர்க்கப் போன எனக்கு இத்தகைய தரிசனத்தைக் கொடுத்த அம்மைக்கும், போகும்படி பணித்த பாட்டிக்கும் எத்தனை முறை நன்றி சொன்னாலும் தகும்.